பெரிய மழையை 'பிக் ரெயின்' என்று சொல்லலாமா?

"அலுவலகத்துக்குத் தாமதமாகப் போன அன்று, 'தேர் வாஸ் எ பிக் ரெயின்' என்று காரணம் சொன்னேன். உடன் வேலை செய்பவர் 'ஹெவி ரெயின்' என்று திருத்தினார். பெரிய என்றால் 'பிக்' தானே? 'லார்ஜ்', 'கிரேட்' என்பவற்றை எங்கே பயன்படுத்துவது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உங்களை அந்தப் பக்கம் இழுத்தது தமிழ்தான். நமக்கு மழையும் பெரியது, சத்தமும் பெரியது, கதையும் பெரியது, மனமும் பெரியது. 'பெரிய' என்ற ஒரே சொல் எல்லாச் சுமையையும் தூக்குகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சுமையைப் பல சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. மழைக்கு 'ஹெவி', சத்தத்துக்கு 'லவுட்', கதைக்கு 'லாங்'. ஆகவே 'பெரிய' என்று மனத்தில் தோன்றியதும் 'பிக்' என்று வாய் திறக்காதீர்கள். அடுத்து வரும் பெயர்ச்சொல் எது என்று ஒரு கணம் பாருங்கள்.

அந்தப் பொருளை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியுமா? வீடு, பெட்டி, தவறு, முடிவு, வித்தியாசம் எல்லாவற்றையும் எண்ணலாம். அங்கெல்லாம் 'பிக்' தாராளமாக வரும். மழை, போக்குவரத்து நெரிசல், மகிழ்ச்சி, பொறுமை ஆகியவற்றை அப்படி எண்ணுவதில்லை. அங்கே 'பிக்' பெரும்பாலும் ஒட்டாது. நெரிசலுக்கும் 'ஹெவி டிராஃபிக்'தான். மகிழ்ச்சிக்கு 'கிரேட் ஜாய்'. 'பிக் மணி', 'பிக் டிரபிள்' போன்ற சில, வழக்கில் ஊறிவிட்ட விதிவிலக்குகள். அவற்றை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

'லார்ஜ்' லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். அந்த வேருக்கு 'ஏராளமான' என்று பொருள். இன்றும் அளவும் எண்ணிக்கையும் வரும் இடத்தில் அந்தப் பழைய வாசனை வீசுகிறது: 'எ லார்ஜ் நம்பர் ஆஃப் பீப்பிள்', 'எ லார்ஜ் அமவுண்ட்'. வீட்டையும் அறையையும் 'லார்ஜ்' என்று சொல்லலாம். 'பிக்' என்பதைவிடச் சற்று முறைசார்ந்து ஒலிக்கும், அவ்வளவுதான். ஆனால் தவறு எவ்வளவு பெரிதானாலும் 'லார்ஜ் மிஸ்டேக்' ஆகாது. அது 'பிக் மிஸ்டேக்'.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் தேவை. 'கிரேட் லீடர்' என்றால் மாபெரும் தலைவர். 'பிக் மேன்' என்றால் ஆள் பருமனோ உயரமோ உடையவர் என்றே பெரும்பாலும் பொருள்படும். வயதில் மூத்த பெரியவரை மரியாதையாகக் குறிப்பிட நினைத்து 'பிக் மேன்' என்று சொல்லிவிடாதீர்கள். அண்ணனை மட்டும் 'பிக் பிரதர்' என்று தயங்காமல் சொல்லலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் அதிகம் வருந்தும் பிழை இது. என் மாணவர் ஒருவர் விருந்துக்குப் போன இடத்தில், வீட்டைப் புகழ நினைத்து 'யுவர் ஹவுஸ் இஸ் டூ பிக்' என்றார். வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. 'டூ' என்பது 'மிக' அல்ல. 'வேண்டியதற்கு மேல்' என்ற குறையைச் சொல்வது. புகழ வேண்டுமானால் 'வெரி பிக்'. தோளிலிருந்து நழுவும் சட்டைக்குத்தான் 'டூ பிக்'.

ஒப்பிடும்போது 'பிக்கர்', 'பிக்கஸ்ட்'. 'மோர் பிக்கர்' என்று முன்னால் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். எழுதும்போது 'ஜி' இரட்டிக்கும், விட்டுவிட்டால் எழுத்துப்பிழை.

இன்னொரு இடறல்: தமிழில் 'பெரியதைக் கொடுங்கள்' என்றால் போதும், சொல்லே பொருளையும் சுமந்துவிடும். ஆங்கிலத்தில் 'கிவ் மீ தி பிக்' என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். 'கிவ் மீ தி பிக் ஒன்' என்று முடிக்க வேண்டும். பல பொருள்கள் என்றால் 'தி பிக் ஒன்ஸ்'. பன்மை 'ஒன்' மீதுதான் ஏறும், 'பிக்' அசையாது.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். தமிழில் நீங்கள் 'பெரிய' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அதையடுத்த பெயர்ச்சொல்லைக் குறித்துவையுங்கள். இரவில் அகராதியைத் திறந்து, அந்தப் பெயர்ச்சொல்லுக்கான எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அதற்கு முன்னால் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்த்து, இரண்டையும் ஜோடியாக எழுதுங்கள். முதல் ஜோடி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: 'ஹெவி ரெயின்'.