உப்பங்கழிக் கரைக்குச் செம்மண் எதற்கு?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் 4 ஏக்கரில் மா வைத்திருக்கிறேன். என் மகன் விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில், மரக்காணம் பக்கத்தில் உப்பங்கழியை ஒட்டி 20 சென்ட் வாங்கி வீடு கட்டியிருக்கிறான். வீட்டுக்குப் பின்னால், கிழக்குப் பார்த்து, 60 அடிக்கு 80 அடி வெறும் மணல். அது சரிந்துபோய் நீரில் முடிகிறது. கோடையில் தாழ்வான பாதியில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. போன ஆடியில் மூன்றடிக் குழிகள் எடுத்து, நம் ஊர்ச் செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பி, சந்தூர் நாற்றுப்பண்ணையில் வாங்கிய நான்கு செந்தூரா மா ஒட்டுக்கன்றுகளை நட்டேன். கழியைப் பார்த்த பக்கத்து இலைகள் ஓரம் கருகத் தொடங்கி, புரட்டாசிக்குள் நான்கும் பட்டுப்போயின. இப்போது ஒரு தோட்ட ஒப்பந்ததாரர் கரையில் கான்கிரீட் சுவர், கொரியன் புல்தரை, ராயல் பாம் மரங்கள் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார். என் யோசனை வேறு: பின்புறம் முழுவதும் ஓரடி உயரத்துக்குச் செம்மண் அடித்து, 30 மாங்கன்றுகள் வைக்கலாம் என்றிருக்கிறேன். ஜிப்சம் போட்டால் உப்பு முறிந்துவிடும் என்று உரக்கடையில் சொல்கிறார்கள். ஓரடி மண் போதுமா? ஜிப்சம் எத்தனை மூட்டை? ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி போடலாம்? மகனின் பணம் மறுபடியும் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நான்கு கன்றுகளோடு பட்டறிந்தது உங்கள் அதிர்ஷ்டம். கேட்ட மூன்றுக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: செம்மண் ஓரடியும் வேண்டாம், ஜிப்சம் ஒரு மூட்டையும் வேண்டாம், ஆழ்துளைக் கிணறு போடவே வேண்டாம்.

ஜிப்சம் கதையை உடனே முடித்துவிடலாம். களர் வேறு, உவர் வேறு. களர் நிலத்தில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுகிறது. அந்தச் சோடியத்தை விலக்கிவிட்டு அதன் இடத்தில் கால்சியம் உட்காருவதற்காகவே ஜிப்சம் போடுகிறோம். உங்கள் மகனின் இடம் உவர்; அங்கே இருப்பது மணலும் கடலுப்பும். இறுகுவதற்கு அங்கே களிமண் இல்லை. அந்த உப்பு நல்ல நீரில் கரைந்து கீழே இறங்க வேண்டும். அதைச் செய்வது ஐப்பசி, கார்த்திகை மழை. இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் அறிந்திருக்க மாட்டார் என்று நான் நம்பவில்லை. மூட்டை அவருடைய கிடங்கில் இருக்கிறது, மழை இல்லை.

இனிச் செம்மண். நம் பக்கத்து விவசாயிக்குச் செம்மண் மீது உள்ள பற்றை நான் அறிவேன்; எனக்கும் அது உண்டு. ஆனால் 4,800 சதுர அடியில் ஓரடி உயரம் என்றால் 48 யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி). நான்கு யூனிட் டிப்பரில் பன்னிரண்டு லோடு, ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போக வேண்டும். வழியில் எங்கேயாவது அள்ளித் தருகிறேன் என்று லாரிக்காரர் சொல்வார். அது எந்த ஏரியின் வயிறு, எந்தக் காட்டின் மேல்தோல் என்று அவர் சொல்லமாட்டார். செலவும் பழியும் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மண் அங்கே போய் என்ன செய்யும் என்பதுதான் முக்கியம்.

எண்ணெயில் போட்ட திரியை நினைத்துக்கொள்ளுங்கள். நுண்ணிய துகள்கள் உள்ள மண் அடியிலுள்ள நீரைத் திரியைப் போல மேலே இழுக்கும். பருமணலில் நீர் ஓரடிக்கு மேல் ஏறுவதே அரிது. களி கலந்த செம்மண்ணில் அது மூன்று, நான்கு அடிகூட ஏறும். உங்கள் நிலத்தின் தாழ்வான பாதியில் கோடையில் உப்புப் பூக்கிறது என்றால், அங்கே உவர் நீர் ஏற்கெனவே மேற்பரப்பை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் நீங்கள் மூன்றடிக் குழி எடுத்தீர்கள்; குழியின் அடி உவர் நீரைத் தொட்டிருக்கும், அல்லது அதற்கு அரையடி மேலே நின்றிருக்கும். அதில் செம்மண்ணை நிரப்பியதன் மூலம் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு திரியை நட்டுக்கொடுத்தீர்கள். மேலே வெயில் நீரை உறிஞ்சிக்கொள்ள, உப்பு மட்டும் வேரடியில் தங்கிவிட்டது. சும்மா மணலில் வைத்திருந்தால் அந்தக் கன்றுகள் இன்னும் சில மாதங்கள் தாக்குப்பிடித்திருக்கும் என்பது என் எண்ணம்.

வீட்டை ஒட்டிய மேட்டுப் பாதியில் திரி வேலை செய்யாது; நீர் அங்கே ஆழத்தில் இருக்கும். அங்கே வேறொரு சிக்கல். நுண்மண் முழுவதுமாக ஊறித் ததும்பும் வரை அதிலுள்ள நீர் கீழேயுள்ள பருமணலுக்குள் இறங்காது. ஆகவே மழைக்காலத்தில் ஓரடிச் செம்மண் சேறாக நிற்கும், கோடையில் ஓடாக இறுகும், வேர் அந்த ஓரடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு மணலுக்குள் இறங்க மறுக்கும். ஓரடி வேரோடு நிற்கும் மரத்தைச் சாய்க்கப் பெரிய புயல் தேவையில்லை. பையில் செம்மண் உருண்டையோடு வரும் சந்தூர்க் கன்றுக்கும் இதே விதிதான். சுற்றியுள்ள மணலில் நீங்கள் ஊற்றும் நீர் ஓடிப்போய்விடும். உருண்டை உள்ளே காய்ந்து கிடக்கும். சந்தூர்க் கன்றில் குறையில்லை. அது போய்ச் சேரும் இடம்தான் குறை.

மணலுக்கு வேண்டியது மட்கு, நிழல், மூடாக்கு ஆகிய மூன்றுதான். நன்றாக மட்கிய தொழு உரத்தை, தோண்டியெடுத்த அதே மணலோடு நாலுக்கு ஒரு பங்கு கலந்து, ஒன்றரை அடிக்கு மேல் போகாத குழியில் போடுங்கள். மேலே பனையோலை, தென்னை மட்டை, சவுக்குச் சருகு என்று கிடைத்ததை அரையடிக்கு மூடுங்கள். நீர் ஆவியாவது குறைந்தால் உப்புப் பூப்பதும் குறையும். தென்னை நார்க்கழிவு வாங்குவதானால் மட்கியதை மட்டும் வாங்குங்கள்; உவர் நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்ற சாம்பல்சத்து உரத்தின் பக்கம் போகாதீர்கள். அதிலுள்ள குளோரைடு இலை ஓரக் கருகலை இன்னும் கூட்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த இடம் ஏன் மொட்டையாக இருக்கிறது? கழிக்கரை இயல்பாக மொட்டையாக இருப்பதில்லை. மனையாக்கும்போது யாரோ வழித்தெடுத்திருக்கிறார்கள். வழிக்கப்படாத பக்கத்துக் கரையில் நூறு அடி நடந்து பாருங்கள். நீர் விளிம்பில் உமரிச் செடியும் கண்டல் மரமும், மணலில் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும், அதற்கு மேலே தாழை, பூவரசு, புன்னை, பனை என்று வரிசையாக நிற்பதைக் காணலாம். நெய்தல் பாடல்களில் புன்னையும் தாழையும் அடும்பும் திரும்பத் திரும்ப வருவது அழகுக்காக மட்டும் அன்று. அந்தக் கரையில் அவையே நிற்கும் என்பதால்தான். உங்கள் நாற்றுப் பட்டியலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கழியைப் பார்த்த பக்கத்து இலைகள் முதலில் கருகின என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிகப் பயனுள்ள வரி அதுதான். உப்பு வேர் வழியாக மட்டும் வந்திருந்தால் மரம் முழுவதும் ஒரே சீராகக் கருகும். ஒரு பக்கம் முந்திக் கருகினால் காற்றும் உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. ஆகவே முதலில் நட வேண்டியது காற்றுத் தடுப்பு. பழமரம் அதற்குப் பிறகு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து. இந்த வரிசையை மாற்றிய எவரும் கடலோரத்தில் தோட்டம் வைத்து நான் பார்த்ததில்லை. காற்றுத் தடுப்பு என்றால் மதில் அன்று. மதிலில் மோதிய காற்று மேலேறிக் குதித்து மறுபக்கம் சுழலும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் மரவரிசைதான், தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தை அடக்கும். வடகிழக்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலை வரை, நீர் விளிம்பிலிருந்து விலகி, மேட்டின் தொடக்கத்தில், ஆறடி இடைவெளியில் மூன்று வரிசைகளை மாற்றி மாற்றி நடுங்கள். நீர்ப்பக்க வரிசை பூவரசு. அதன் கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றினாலே வேர் விடும். நடு வரிசை சவுக்கு, உள் வரிசை புன்னை. சவுக்கு விரைவில் உயரும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் வளரும். புன்னை மெதுவாகவே எழும். ஐந்தாறு ஆண்டுகளில் புன்னை நிமிர்ந்ததும் சவுக்கை வெட்டி விறகாக்கிக்கொள்ளுங்கள். மகனுக்குக் கழியின் காட்சி வேண்டுமென்றால் வரிசையின் நடுவே வளைந்து செல்லும் ஒரு வழியை விடலாம். நேர் இடைவெளி விட்டால் காற்று அதன் வழியே குழலில் ஊதுவதுபோலப் பாயும்.

எல்லாவற்றையும் முழங்கால் உயர நாற்றாக நடுங்கள். பெரிய மரத்தை வேரோடு பெயர்த்து வந்து கிரேனில் இறக்கும் வியாபாரத்தை நான் எந்த மாவட்டத்திலும் ஆதரித்ததில்லை. கடலோரத்தில் அது பணத்தைக் கழியில் எறிவதற்குச் சமம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் வேரூன்றிய பலாவும் முந்திரியுமே ஏராளமாகச் சாய்ந்தன. வேர் அறுபட்டு வந்த ராயல் பாம் என்ன ஆகும் என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். ஓராண்டுக்கு உத்தரவாதம் தருவார், புயல் நீங்கலாக. 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் உள்நாட்டுக்கு வந்து நம் ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 செ.மீ. மழையைக் கொட்டியதை நீங்களே பார்த்தீர்கள். நமக்கு மழையாக வருவது அங்கே முதலில் காற்றாக வருகிறது. முழங்கால் உயர நாற்றைக் காற்று கண்டுகொள்ளாது. அது அந்தக் காற்றுக்குப் பழகியே வளரும்.

கரைச்சுவர் வேண்டாம். அலை மோதும் சுவரின் அடி மணல் அரித்துப்போகும், பக்கத்து மனையின் கரையும் சேர்ந்து போகும். கடல் ஏற்ற இறக்கம் பாயும் கழிக்கரையில் சுவர் எழுப்புவதும் மண் நிரப்புவதும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வருபவை என்பதை ஒப்பந்ததாரர் உங்களிடம் சொன்னாரா? உங்கள் பன்னிரண்டு லோடும் அதில் அடங்கும். நீர் விளிம்பின் முதல் பத்து, பதினைந்து அடியைத் தொடாமல் விட்டால் உமரி தானே வரும், கண்டல் விதை நீரில் மிதந்து வந்து சேற்றில் ஒதுங்கும். அதற்கு மேல் அடும்பைத் தண்டு வெட்டி நட்டால் போதும். புல்தரையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நல்ல நீரைத் தினமும் குடிக்கும் புல்லை உவர் மண்ணில் சுருளாக விரித்துக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள். உட்காரப் பசுமை வேண்டுமென்றால் வீட்டை ஒட்டி அருகம்புல்லை விடுங்கள், அது உப்பை ஓரளவு தாங்கும்.

ஆழ்துளைக் கிணறு ஏன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கடலோர மணலில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். இறைத்து அந்த ஓரடியைக் குறைத்தால், அடியிலிருந்து உப்பு நீர் 40 அடி மேலே ஏறும். இங்கே வறட்சியில் ஆழம் போவது நமக்குப் பழக்கம். அங்கே ஆழம் போனால் உப்பைத் தேடிப் போகிறீர்கள். மனையின் மேற்கு மூலையில், கழிக்கு எட்டாத தொலைவில், ஆழம் குறைந்த உறைகிணறு ஒன்று இறக்கி, கூரை மழைநீரை அதற்குள் திருப்புங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு செ.மீ. மழைக்கு 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அந்த நீரைச் சித்திரையில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் சோதியுங்கள். நீரிலுள்ள உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பழமரப் பேச்சை விட்டுவிடுங்கள்.

நடும் காலமும் மாற வேண்டும். ஆடியில் நடுவது தென்மேற்குப் பருவத்தில் நனையும் நமக்குச் சரி. அங்கே பெருமழை ஐப்பசியில்தான். இரண்டு நல்ல மழை பெய்து மேல்மண் உப்புக் கழுவப்பட்ட பிறகு நடுங்கள்.

காற்றுத் தடுப்பு ஆளுயரம் ஆனபின், அதன் மறைவில் சப்போட்டா, இலந்தை, கொடுக்காப்புளி வைக்கலாம், உப்பைத் தாங்குபவை. தென்னையும் தாங்கும். மாம்பழம் இல்லாமல் உங்கள் மனம் ஆறாது என்று தெரியும். முப்பது வேண்டாம், இரண்டு வைக்கலாம். வீட்டுக்கு மேற்கே, சுவரின் மறைவில். அந்த ஊரிலேயே காய்த்து நிற்கும் நாட்டு மாமரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் கொட்டைகளை மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே நான்கைந்து ஊன்றுங்கள். ஆணிவேர் வளையாமல் நேராக மணலில் இறங்கும். நன்றாக வருபவற்றை வைத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் தளிர் செம்பு நிறத்தில் இருக்கும்போது, உங்கள் தோப்புச் செந்தூராவிலிருந்து மூன்று, நான்கு மாதம் முற்றிய குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, பத்து நாள் முன்னதாக இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போய் அங்கேயே மென்தண்டு ஒட்டுக் கட்டுங்கள். ஒட்டுக் கட்டும் கை உங்களுக்கே இருக்கும். இல்லையென்றால் சந்தூரிலிருந்து ஒருவரைப் பேருந்தில் கூட்டிப்போங்கள், அந்தச் செலவு ஒரு லோடு மண்ணுக்குக்கூட ஆகாது.