பழைய மாஸி ஃபெர்குசன்: பெல்ட்டும் தண்ணீரும் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாஸி ஃபெர்குசன் 35, அதே வழியில் சென்னையில் டாஃபே நிறுவனம் தயாரித்த 1035 ஆகிய டிராக்டர்களைப் பற்றியவை. ஆகவே, வேறு எஞ்சின் என்று குறிப்பிடாத இடங்களில், இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் வகை டீசல் எஞ்சினை மனத்தில் வைத்தே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி (மன்னார்குடி): ஃபேன் பெல்ட் கிறீச்சிடுகிறது, டைனமோவும் சரியாகச் சார்ஜ் செய்வதில்லை. ரேடியேட்டரைக் கழற்றாமல் பெல்ட்டை மாற்ற முடியுமா?

பதில்: முடியும். இந்த எஞ்சினில் ஒரே வி-பெல்ட்தான் எஞ்சினோடு சுழலும் கிராங்க் புல்லியிலிருந்து வாட்டர் பம்ப்பையும் ஃபேனையும் டைனமோவையும் சேர்த்துச் சுழற்றுகிறது. எனவே சார்ஜ் குறைவது உங்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. பெல்ட் வழுக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் குறைவதோடு, எஞ்சினுக்குள் தண்ணீர் சுற்றுவதும் குறைகிறது என்று பொருள்.

முதலில் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இங்கிலாந்தில் செய்த பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும் என்பதால், வழக்கப்படி நெகட்டிவைத் தேடாமல், எந்த வயர் பாடியில் முறுக்கப்பட்டுள்ளது என்று பார்த்து அதைக் கழற்றுங்கள். பிறகு டைனமோவின் அடிப்பக்கத்து இரு போல்ட்டுகளையும், மேலே வளைந்த பட்டையில் உள்ள போல்ட்டையும் தளர்த்தி, டைனமோவை எஞ்சின் பக்கம் முழுவதுமாகத் தள்ளினால் பெல்ட் தொய்ந்துவிடும். அதை டைனமோ புல்லியிலிருந்து எடுத்து, ஃபேனைக் கையால் மெல்லச் சுழற்றியபடி ஒவ்வொரு இறக்கையின் மேலாகவும் கழற்றிக்கொண்டு வரலாம். புதிய பெல்ட்டை இதே வழியில் ஏற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் நூல் இழை அறுந்தால் வெளியே தெரியாது, சில வாரங்களில் பெல்ட் திருகிக்கொண்டு வெளியேறும்.

டைனமோவை வெளிப்பக்கம் இழுத்து இறுக்கும்போது, இரும்புக் கம்பியை அதன் உடலின் நடுவில் கொடுக்காமல், புல்லிக்கு அருகே உள்ள முன் மூடியில் கொடுங்கள். மிக நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வேண்டியதற்கு மேல் இறுக்கினால் கிறீச்சொலி நின்றுவிடும், ஆனால் பம்ப்பின் பேரிங் தேயத் தொடங்கும். புதிய பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் சற்று நீளும் என்பதால் மறுபடி பார்த்து இறுக்குவது கட்டாயம். கையோடு, டைனமோவின் பின்பக்கத் துளையில் எஞ்சின் ஆயில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பலரும் மறக்கும் இடம் அது.

கேள்வி (அதே வாசகர்): கடைக்காரர் கொடுத்த பெல்ட் நீளம் சரியாக இருந்தும் வழுக்குகிறதே?

பதில்: அகலம் சரியில்லாமல் இருக்கலாம். வி-பெல்ட் தன் இரு பக்கச் சரிவுகளால்தான் புல்லியைப் பிடிக்கிறது. அதன் மேற்பரப்பு புல்லியின் விளிம்போடு ஏறக்குறைய ஒட்டி நிற்க வேண்டும். குறுகலான பெல்ட் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். புல்லியின் அடிப்பள்ளம் கண்ணாடிபோல மினுமினுத்தால், பெல்ட் அடியில் உரசுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பெல்ட் சரியான அளவாக இருந்தும் அப்படி நேர்ந்தால், தேய்ந்தது புல்லி. அதை மாற்றாமல் எத்தனை பெல்ட் வாங்கினாலும் வீண்.

கேள்வி (திருவாரூர்): சாலையில் டிப்பர் இழுக்கும்போது சூடாவதில்லை. சேற்றுழவில் இறங்கிய அரை மணியில் முள் சிவப்புக்குப் போகிறது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஹெட்டைத் தொடுவதற்கு முன் செலவில்லாத வேலைகள் பல இருக்கின்றன. சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றும் உதவுகிறது. சேற்றிலோ முழுச்சுமையில் ஆமை வேகத்தில் போகிறீர்கள், ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே கதி. ஆகவே காற்றின் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதிரடிக்கும் களத்தில் நின்ற வண்டியின் ரேடியேட்டரை முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்னால் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். தவிடும் வைக்கோல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, தகடுகளுக்கு நடுவே அடைபோலப் படிந்திருக்கும்.

ஃபேன் முன்னிருந்து பின்னாகக் காற்றை இழுப்பதால், சுத்தம் செய்வது அதற்கு எதிர்த்திசையில், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி அமைய வேண்டும். முன்பக்கத்திலிருந்து பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளே இறுகும். சர்வீஸ் நிலையத்தின் வேகத் தண்ணீரை அருகில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சாதாரணக் குழாய் வேகத்தில் அலசுவதே போதும். ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூடு, முன்பு எப்போதோ கழற்றப்பட்டுத் திரும்ப மாட்டப்படாமல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கூடு இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டரின் ஊடாக இழுக்காமல், ஓரத்துச் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முள் ஏறினால், மீட்டரையே சந்தேகியுங்கள். அதன் உணர்முனையைக் கழற்றி, வெப்பமானியோடு சேர்த்துச் சுடுதண்ணீரில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி (கரூர்): எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். தந்தை காலத்திலிருந்து அதையே ஊற்றி வருகிறோம். எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: உப்பும் சுண்ணாம்பும் முதலில் படிவது ரேடியேட்டரில் மட்டுமன்று, மிகவும் சூடான இடமாகிய ஹெட்டிலும் சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையிலும்தான். பம்ப் முன்னால் இருப்பதால், ஓட்டம் மந்தமாக இருக்கும் பின்பக்கச் சிலிண்டரின் அருகே வண்டல் தங்கும். ஆகவே தண்ணீரை இறக்கும்போது ரேடியேட்டரின் அடிக்குழாயோடு நின்றுவிடாமல், எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள டிரெயின் குழாயையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வராவிட்டால், தண்ணீர் இல்லை என்று பொருளல்ல, சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்திவிட்டால், துருச் சேறு கூழாகக் கொட்டுவதைக் காண்பீர்கள்.

எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வாகிய தெர்மோஸ்டாட்டைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, பத்து லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ அளவில் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி, எஞ்சினை மிதமான சூட்டில் அரை மணி நேரம் ஓட்டி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் இறக்கிவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, மிஞ்சிய அமிலத்தைச் சிறிது சலவைச் சோடா கரைத்த நீரால் முறித்து, மீண்டும் அலசுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றுபவர்களும் உண்டு. பித்தளையையும் ஈயப் பற்றையும் அது அரித்துவிடும் என்பதால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ரேடியேட்டரைத் தனியாகக் கழற்ற முடிந்தால், அடிக்குழாயில் ஹோஸ் வைத்து மேல்வாய் வழியாக வெளியேறும்படி எதிர்ஓட்டமாக அலசுவது இன்னும் நல்லது. இத்தனை காலம் சுண்ணாம்பே அடைத்து வைத்திருந்த ஓட்டைகள் இந்த வேலைக்குப் பின் ஒழுகலாம். அதற்குப் பயந்து அழுக்கை விட்டுவைப்பதை நான் ஏற்பதில்லை.

இனி ஊற்ற வேண்டியது, பேட்டரிக்கு ஊற்றும் வகைக் காய்ச்சி வடித்த நீரும், செம்பு பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கூலன்ட்டும் கலந்த கலவை. நம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை. கூலன்ட்டின் வேலை இங்கே துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான். வெறும் தண்ணீரைவிடக் கூலன்ட் வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கும் என்பதால், பாதிக்கு மேல் கலக்க வேண்டாம். பழைய கூலன்ட்டை மாட்டுத் தொட்டிக்கு அருகே கொட்டிவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் நக்கும், அது கொடிய விஷம்.

கேள்வி (பொள்ளாச்சி): வெயில் நாட்டில் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். சரிதானா?

பதில்: சரியன்று. டீசல் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் ஓடினால் எரிபொருள் முழுவதுமாக எரியாமல் ஆயிலில் கலக்கும். சிலிண்டர் சுவரில் ஈரம் படிந்து அமிலமாகி அரிக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்ததும் அளவுக்கு மீறிய சூடு நின்றதென்றால், பெரும்பாலும் அது திறக்காமல் கெட்டிருந்தது என்றுதான் பொருள். புதியதை மாட்டும் முன், நூலில் கட்டிச் சுடுதண்ணீரில் தொங்கவிட்டு, அதில் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி வாய் திறக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (கிளிநொச்சி): எங்கள் 35 உழவு இயந்திரத்தில் தண்ணிப் பம்பின் அடியில் உள்ள சிறு துளையால் சொட்டுச் சொட்டாக நீர் வடிகிறது. துளையை அடைத்துவிடலாமா?

பதில்: அடைத்துவிடாதீர்கள். கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காகவே அந்தத் துளை விடப்பட்டிருக்கிறது. அடைத்தால் நீர் பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் உடைந்து ஃபேன் முன்னோக்கிச் சாய்ந்தால் ரேடியேட்டரையே கிழித்துவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கைகளை எதிரெதிராகப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லாவிட்டால் சீல் மாற்றினால் போதும். ஆட்டம் இருந்தால் ஷாஃப்ட், பேரிங், சீல் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. பம்ப்பைத் திரும்பப் பூட்டும்போது இரு பரப்புகளுக்கு இடையே கசிவைத் தடுக்கும் பழைய காஸ்கெட்டை முழுவதும் சுரண்டி எடுங்கள்.

கேள்வி (தேனி): ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடலாமா?

பதில்: நடுவழியில் வீடு வந்து சேரப் போடலாம், லாரி ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம் அது. வீட்டுக்கு வந்ததும் முழுவதுமாக இறக்கி அலசிவிட்டு, பற்றவைக்கக் கொடுங்கள். ஓட்டையை அடைக்கும் தூளுக்கு நல்ல குழாய் எது, கெட்ட குழாய் எது என்று தெரியாது.

கேள்வி (புதுக்கோட்டை): என்னிடம் இருப்பது பெட்ரோலில் ஓடும் ஃபெர்குசன் டி.இ. 20. ஆயில் பால்போல வெளுத்திருக்கிறது.

பதில்: வண்டியை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உங்கள் எஞ்சினில் சிலிண்டரின் உள்ளுறையாகிய லைனரைத் தண்ணீர் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். லைனரின் அடிப்பக்க சீல் கெட்டால் தண்ணீர் நேரே ஆயில் தொட்டிக்குள் இறங்கும். ஹெட் காஸ்கெட் போனாலும் இதே நிறம் வரலாம். ரேடியேட்டர் மூடியைக் கழற்ற முடிந்த குளிர்ந்த நிலையில் பிரஷர் டெஸ்டர் வைத்து, ஆயில் தொட்டியைத் திறந்து, தண்ணீர் எந்த சிலிண்டரின் அடியிலிருந்து சொட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டில் எது என்று உறுதியான பின்பே ஹெட்டைப் பிரிக்கலாம்.

கேள்வி (மன்னார்குடி): பருவம் முடிந்து நிறுத்தும்போது தண்ணீரை இறக்கிவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். காலியான எஞ்சினுக்குள் ஈரக் காற்று பட்டுத் துரு ஏறும். கூலன்ட் கலவையை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பி வைத்து, பெல்ட்டை மட்டும் தளர்த்திவிடுங்கள்.