டாக்டர் ‘உடம்பில் ஒன்றுமில்லை’ என்கிறார், அம்மா வலிக்கிறது என்கிறார். இது மனசு சம்பந்தப்பட்டதா?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: தோட்டம் கைமாறிய பிறகு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்தார்கள். அம்மாவுக்கு மாதக்கணக்கில் நெஞ்சடைப்பு, தலைபாரம், தூக்கமில்லை. இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் செய்வினை என்கிறார்கள்.

நானும் அந்த வட்டாரத்து லயத்தில் வளர்ந்தவன்தான். டாக்டர் இல்லை. என் பெரியம்மாவை இதே நிலையில் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், அம்மா நடிக்கவில்லை. மனச்சோர்வும் பதற்றமும் நெஞ்சுப் படபடப்பாக, முதுகுவலியாக, வயிற்றுப் பொருமலாக வருவது சாதாரணமாக நடப்பது. அதுவும் நம் தோட்டத்துப் பெண்கள் இருட்டோடு எழுந்து ரப்பர் பால் வெட்டப் போய், வெளிக்காட்டு வேலையும் பார்த்து, உட்கார்ந்து அழக்கூட நேரமில்லாமல் இருந்தவர்கள். மூட்டுவலி என்றால் டிரெஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) மாத்திரை கொடுப்பார். மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவது? அந்தப் பழக்கம் தாமானுக்கு வந்ததும் மாறிவிடாது.

அதனால் ‘உங்களுக்கு மன அழுத்தமா?’ என்று கேட்டால் அம்மா இல்லை என்றுதான் சொல்வார். தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, பசிக்கிறதா, முன்பு ஆசையாகச் செய்த எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று பாருங்கள். பெரியம்மா தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோவுக்குப் போகாமல் இருந்ததே கிடையாது. அந்த வருஷம் ‘நீங்க போய்ட்டு வாங்க’ என்று படுத்துக்கொண்டார். எனக்கு அதுதான் உறைத்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்தால் காட்டிவிட வேண்டும்.

இடம் மாறியதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். லயத்தில் வாசலில் நின்று கூப்பிட்டால் நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். தாமானில் எல்லா வீட்டிலும் இரும்புக் கேட், பூட்டு. பிள்ளைகள் வேலைக்குப் போனால் சாயங்காலம்வரை பேச ஆளில்லை. வீடு கிடைத்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், அம்மா மாதிரி ஆட்கள் இழந்ததை யாரும் கேட்பதில்லை.

சரி, எங்கே போவது? பக்கத்து அரசாங்க கிளினிக்கே போதும், குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். அங்கே பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள் கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் கூடுதலாக விசாரிப்பார். எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டமாட்டார்கள். நீங்கள் கூடப் போய்க் கேள்வியை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், பதிலை மட்டும் அம்மாவே சொல்லட்டும். தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி சோர்வைத் தரும். முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவையும் சேர்ந்திருந்தனவா என்று கேளுங்கள்.

மாத்திரை கொடுத்தால் பொறுமை வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆனால் குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் நிறுத்துவது அங்கேதான். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க’ என்று யாராவது கிண்டலடிப்பார்கள். பேராக்காரர்கள் நமக்கு அது பழகிப்போன வசவு. அங்கிருக்கும் மனநல மருத்துவமனை 1911-இல் திறந்தது, பயமும் அவ்வளவு பழசு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர். இவர்களை எல்லாம் எந்த வார்டில் படுக்க வைப்பது? பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடியே சிகிச்சை எடுப்பவர்கள்தான்.

கோயிலுக்குப் போவதைத் தடுக்காதீர்கள். நாலு பேரைப் பார்ப்பதே நல்லது. ஆயிரக்கணக்கில் கேட்டுச் செய்வினை எடுக்கிறேன் என்பவரிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

‘நான் போய்ச் சேர்ந்தா தேவலை’ என்ற பேச்சு வந்தால், சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் களைக்கொல்லி, பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் லைன் எண் 15555. இரவு பகல் எந்நேரமும் பேச பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் என்ற தொண்டு அமைப்பு: 03-7627 2929.

கிளினிக் போகும்போது ஐசியோடு (அடையாள அட்டை) அம்மா சாப்பிடும் பிரஷர், இனிப்புநீர் மாத்திரைகள், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். புது மாத்திரை எழுதும்முன் டாக்டர் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.