பாலில் கலந்து கொடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் வலிகாமத்தில் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகப் பணிபுரிகிறேன். என் பெறாமகனுக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, 11 வயது. இரண்டு வருடங்களாக வலிப்புக்கு மருந்தெடுத்து வந்தவனுக்கு அண்மையில் பள்ளிக்கூடத்தில் மீண்டும் வலிப்பு வந்தது. அத்தான் இறந்தபின் தனியாகப் பிள்ளையை வளர்க்கும் அக்கா ஒரு சாத்திரியாரிடம் போனார். இது செய்வினை என்றும், நூல் கட்டி 48 நாள் விரதம் முடியும்வரை இங்கிலிசு மருந்து ஆகாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அத்தானின் ஆட்டத்திவசத்தன்று எல்லோர் முன்னிலையிலும் இதை மூடத்தனம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு கதைப்பதில்லை. ஆனாலும் பிள்ளை பின்னேரங்களில் பாடம் படிக்க என்னிடம் வருகிறான். மாத்திரையை அவனுக்குப் பாலில் கலந்து கொடுக்கலாமா? சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைக்கும் எனக்கு, அக்காவின் நம்பிக்கையைக் குறைகூற உரிமை உண்டா?

அன்புள்ள சகோதரிக்கு,

பாலில் கலக்க வேண்டாம். நிறுத்திய மருந்தை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அதோடு, நீங்கள் ஒளித்துக் கொடுத்த மருந்தில் பிள்ளை சுகமானால் பெயர் நூலுக்கே போகும். அடுத்த முறை அக்கா இன்னும் உறுதியோடு மருந்தை நிறுத்துவார்.

அக்கா தமது நோய்க்கு மருந்தை மறுத்திருந்தால், ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கியிருக்கலாம். இங்கே அவரது நம்பிக்கைக்கு விலை கொடுப்பவன் பிள்ளை. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிராபத்தாகலாம். ஆகவே பேச உங்களுக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு; ஆனால் நூலைப் பற்றிப் பேசாதீர்கள். நூல் கையில் இருக்கட்டும், விரதமும் நடக்கட்டும், மருந்து மட்டும் நிற்கக்கூடாது. நேர்த்தி வைக்கும் நீங்கள் இதைச் சொன்னால், கும்பிடாத ஒருவர் சொல்வதைவிட அக்காவின் காதில் ஏறும்.

செய்வினை என்றால் குற்றம் வேறு யாரோ ஒருவருடையது. கணவரை இழந்த ஒரு தாய்க்கு அது எவ்வளவு ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆறுதலை ஊர் பார்த்திருக்கப் பறித்தபோது, "நான் சரியாகப் பார்க்கவில்லை" என்ற எண்ணந்தான் அவருக்கு மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன். தனியாகப் போய், சபையில் சொன்னதற்காக மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, வளரும் பிள்ளையின் நிறை கூடும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரும் என்பதால், மருந்தெடுக்கும்போது வலிப்பு வருவது தாயின் பிழையாகவோ மருந்தின் தோல்வியாகவோ இருக்கவேண்டியதில்லை என்று விளக்குங்கள். முறையாகச் சிகிச்சை பெறுவோரில் 70 வீதம் வரையானோர் வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதை நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். அவர் மறுத்தால், கிளினிக் வைத்தியரிடம் நீங்களே அறிவிக்கப்போவதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அன்றே அறிவியுங்கள். கோபிப்பார், அதைத் தாங்கத்தான் வேண்டும்.

இதற்கிடையில் உங்கள் வீட்டில் வலிப்பு வந்தால், கையில் திறப்பைத் திணிக்காமல், வாயில் எதுவும் வைக்காமல், பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடங்களைத் தாண்டினால் 1990 அம்புலன்சை அழையுங்கள்.