வளவு கேள்வி – பதில்: மாரியில் ஒருதரம் போய்ப் பாருங்கள்

(பதில் எழுதுபவர் மட்டக்களப்பில் 34 ஆண்டுகள் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: மூத்த மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு டவுனில் வேலை என்பதால் வீட்டை அந்தப் பக்கமே வாங்கிக் கொடுக்கலாம் என்று இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று கல்லடியில் 10 பேர்ச்சஸ், பழைய வீடு, விலை கூட. மற்றது சத்துருக்கொண்டான் பக்கம் 20 பேர்ச்சஸ், புது வீடு, டைல்ஸ் போட்டு மினுங்குகிறது, விலையும் குறைவு. மனைவிக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது ஐயா?
– ஒரு தகப்பன், களுவாஞ்சிக்குடி

பதில்: எந்த மாதம் போய்ப் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனி, ஆடியாகத்தான் இருக்கும். அந்த மாதங்களில் மட்டக்களப்பில் எல்லாக் காணியும் மேட்டுக் காணிதான்.

என் கதையையே சொல்கிறேன். 1996 ஆவணியில் ஒரு வளவும் வீடும் வாங்கினேன். நானே அளந்தேன். எல்லைக்கல் நாலும் அச்சொட்டாக இருந்தன. மார்கழியில் தண்ணீர் வந்து இரண்டாம் படியில் நின்றது. அடுப்படியில் நண்டு ஓடியது. மனைவி வாயே திறக்கவில்லை. கிணற்றடியில் இருந்த சவர்க்காரப் பெட்டி மிதந்து வந்து விராந்தைப் படியில் முட்டியபோது மட்டும், "இதையும் ஒருக்கா அளந்து பாருங்களேன்" என்றார். அடுத்த வருடமே விற்றேன், வாங்கின விலைக்குக் கீழே. விற்றவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

நம் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உப்போடை, திராய்மடு, பாலமீன்மடு, கருவப்பங்கேணி, சேற்றுக்குடா, திமிலைதீவு. ஓடை, மடு, கேணி, குடா, தீவு. பெயர் வைத்த பழையவர்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. இதற்காக அந்த ஊர்களில் காணி வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒவ்வோர் ஊரிலும் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. உங்கள் 20 பேர்ச்சஸ் எதில் கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை வளவுக்குள் பெய்வதோடு முடிவதில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் குளங்களும் ஆறுகளும் நிரம்பி அந்தத் தண்ணீரும் வாவிக்குத்தான் வரும். கோடையில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கும். அதை வெட்டிக் கடலுக்குள் தண்ணீரை விடும்வரை வாவி ஏறிக்கொண்டே நிற்கும். வாவி ஏறினால் பள்ளக் காணியில் விழுந்த மழைக்கும் போக இடம் இல்லை. ஆகவே வாவி கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கையில்கூட முழங்கால் அளவு நிற்கும்.

கல்யாணம் தையில் என்றால் கார்த்திகை, மார்கழியை இடையில் வைத்துக்கொள்ளலாம். மழை விடாமல் பெய்கிற ஒரு நாளில், தரகரிடம் சொல்லாமல், சத்துருக்கொண்டானுக்கு நீங்களும் மனைவியும் மட்டும் போங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கடப்படியில் நின்று கேளுங்கள். "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால், விற்கிறவருக்குப் பாதகம் வரக் கூடாதென்று "இல்லை" என்று விடுவார்கள். "2011 தை வெள்ளத்தில் எங்கே படுத்தீர்கள்? 2024 கார்த்திகையில்?" என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் என்று பதில் வந்தால் விசயம் முடிந்தது.

கண்ணுக்கும் வேலை கொடுங்கள். சுற்றியுள்ள பழைய வீடுகளின் அத்திவாரம் எவ்வளவு உயரம்? அவை நாலு படி உயரத்தில் இருக்க, உங்கள் புது வீடு ஒரு படியில் இருந்தால் கட்டினவர் விற்பதற்காகக் கட்டியிருக்கிறார். கதவு நிலையின் அடிக்கட்டையை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஊறின மரம் உள்ளே போகும். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் புதுப் பெயின்ட் இருக்கிறதா? வடிகானில் ஆற்றுவாழை, வேலியோரம் கோரை நின்றால் வேறு சாட்சி தேவையில்லை.

"பள்ளமென்றால் கிரவல் போட்டு நிரப்பலாம்" என்று தரகர் சொல்வார். கணக்கைப் பாருங்கள். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. 20 பேர்ச்சஸ் 5,445 சதுர அடி. வீடு நிற்கும் இடத்துக்கு 1,200 கழித்தாலும், 3 அடி உயர்த்த 127 கியூப் (கியூப் ஒன்று 100 கன அடி) வேண்டும். டிப்பர் ஒன்று 3 கியூப் என்றால் 42 லோட். போட்ட பிறகு வளவு உயர்ந்துவிடும், வீடு பள்ளத்தில் இருக்கும். மழை நேரே விறாந்தைக்குள் வரும். அது பழைய வயல் என்றால் இன்னொரு சிக்கல். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. ஆகவே உறுதியில் "வயற்காணி" என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று, காணியை விவரிக்கும் அட்டவணையை வரிவரியாக வாசியுங்கள். இருந்தால், நிரப்பவும் கட்டவும் எடுத்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

சரி, கல்லடி. மணல் தரை, மழை விட்டால் தண்ணீர் இறங்கிவிடும். அங்கே என் கவலை கிணறு. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். 10 பேர்ச்சஸ் சரி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிதான். உங்கள் குழியைத் தள்ளிப் போட்டாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி இருக்கும். மணலில் அழுக்கு சீக்கிரம் பரவும். ஆகவே பைப் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் டவுன் பக்கம் வருகிறது. மீற்றர் இருந்தால் போதாது, காலை 6 மணிக்குப் பைப்பைத் திறந்து பாருங்கள். கிணற்றில் ஒரு வாய் அள்ளிக் கொப்பளியுங்கள், உவர் என்றால் நாக்கே சொல்லிவிடும். கடற்கரைப் பக்கம் என்றால் கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்று அளக்கச் சொல்லுங்கள். உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டுவதற்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கேட்க வேண்டிவரும். 2004 மார்கழி 26ஐ உங்களுக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

பழைய வீட்டில் கூரையையும் பீமையும் பாருங்கள். பீமின் அடியில் கொன்கிறீட் வெடித்துத் துருக் கம்பி தெரிந்தால் உப்பு மணலில் குழைத்திருக்கலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். 78 சூறாவளிக்கு முந்தின வீடு என்று பெருமையாகச் சொன்னால் நல்லது, ஒரு பரீட்சை பாஸ் பண்ணின வீடு.

நான் என்றால் கல்லடியைத்தான் எடுப்பேன். உங்கள் மனைவிக்கு டைல்ஸ் பிடித்திருந்தால் கல்லடி வீட்டுக்கும் போடலாம்.

கேள்வி: வவுணதீவுப் பக்கம் ஒரு ஏக்கர் மலிவாக வருகிறது. பேர்மிட் காணி, "நொத்தாரிசு வைத்து எழுதித் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?
– இருதயபுரம் வாசகர்

பதில்: பேர்மிட் என்றால் காணி இன்னும் அரசாங்கத்துடையது தம்பி, அவர் கையில் இருப்பது அனுமதிதான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. நொத்தாரிசு என்ன எழுதினாலும் அது காகிதம்தான். அளிப்புப் பத்திரம் என்றாலும் சம்மதம் வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். வரத் தயங்கினால் மலிவின் காரணம் தெரிந்துவிடும்.

கேள்வி: உறுதியில் "வடக்குத் தெற்கு 12 பாகம், கிழக்கு மேற்கு 10 பாகம்" என்று இருக்கிறது. விற்பவர் 18 பேர்ச்சஸ் என்கிறார்.
– ஆரையம்பதி வாசகி

பதில்: பாகம் 6 அடி. 72 அடிக்கு 60 அடி, 4,320 சதுர அடி. பேர்ச்சஸ் கணக்கில் 15.87. மீதி இரண்டு பேர்ச்சஸ் எந்த வேலிக்குள்ளிருந்து வந்தது? ஒழுங்கையிலிருந்தா, பக்கத்து வளவிலிருந்தா? முற்பணம் கொடுக்கமுன் புதிதாக அளப்பியுங்கள். அளக்கிற நாளில் நாலு பக்கத்துக்காரரும் நிற்கட்டும்.

கேள்வி: வீட்டுக்காரர் கனடாவில். அவருடைய மச்சான் அற்றோணித் தத்துவத்தில் (அவருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரத்தில்) விற்கிறார். பயமில்லையா?
– செங்கலடி வாசகர்

பதில்: கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அற்றோணித் தத்துவம். ஆகவே வீடியோ கோலில் அவரையே பாருங்கள், விலையையும் அவர் வாயால் சொல்லட்டும். விற்க அதிகாரம் எழுதியிருக்கிறதா, பதிவாகியிருக்கிறதா, ரத்துச் செய்யப்படவில்லையா என்று உங்கள் நொத்தாரிசு பார்க்கட்டும். அவர்களுடைய நொத்தாரிசு அல்ல, உங்களுடையவர். காணிப் பதிவகத்தில் 30 வருட வரலாற்றை எடுப்பியுங்கள். எழுதின கையோடு பதியவும் வேண்டும். ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால், மோசடி ஏதும் இல்லாதபோது, முன்னுக்குப் பதிந்ததுதான் நிற்கும். நம் பக்கம் கலவரத்திலும் சுனாமியிலும் உறுதி தொலைத்தவர்கள் ஏராளம். அது குற்றமில்லை, பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பிரதியையும் எடுக்க மாட்டேன் என்பவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: வாசல் எந்தத் திசை பார்த்தால் நல்லது?
– ஊறணி வாசகி

பதில்: வாவி எந்தத் திசை என்று முதலில் சொல்லுங்கள் தங்கச்சி.

கேள்வி: நாவற்குடாவில் நாங்கள் வாங்கப் பார்க்கும் வீட்டின் பின்னறையில் விற்பவரின் தாய் இருக்கிறார். "அம்மா எங்களோடு வந்துவிடுவா" என்கிறார்கள். உறுதியைப் பார்த்தோம், மகளின் பெயரில்தான் இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அந்த உறுதியின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். இங்கே வீடு பெண் பிள்ளைக்குப் போகும், தாய் தகப்பன் பின்னுக்கு ஒதுங்குவார்கள். ஒதுங்கும்போது பலர் சீதன உறுதியில் தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டே எழுதுவார்கள். அப்படி எழுதியிருந்தால் மகள் விற்றாலும், தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமை தாய்க்கு. காசு கொடுத்து வாங்கினது நீங்கள், வெளியே நிற்பதும் நீங்கள்.

ஒருமுறை இதே மாதிரி ஒரு வளவை அளக்கப் போனேன். மகன் கடப்பைத் திறந்துவிட்டு டவுனுக்குப் போய்விட்டார். கிழக்குப் பக்க எல்லையில் நாடாவை இழுத்துக்கொண்டிருக்கையில் பின்னறையிலிருந்து ஒரு வயதுபோன அம்மா வெற்றிலைத் தட்டத்தோடு வந்தா. "போட்டுக்கொண்டு அள மனே" என்று தட்டத்தை நீட்டிவிட்டு, பாக்கை வெட்டியபடியே கேட்டா: "எங்கட வளவ ஏன் அளக்கிறாய்?" அவவிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நான் மறுகா வருகிறேன் என்று சொல்லி நாடாவைச் சுருட்டினேன். அந்த உறுதியிலும் சீவிய உரித்து இருந்தது.

ஆகவே அந்த அம்மாவிடம் மகள் இல்லாத நேரத்தில் நீங்களே போய்க் கதையுங்கள். அவவுக்கு முழுச் சம்மதம் என்றால் சீவிய உரித்தை விட்டுக்கொடுப்பதாக, உங்களுக்கு விற்று எழுதும் அறுதி உறுதியிலேயே கைச்சாத்து வைக்கட்டும். நடக்க முடியாதவ என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வீட்டுக்கே வரலாம். எங்கே போய் இருக்கப் போகிறா என்பதையும் அவவிடமே கேளுங்கள்.