கிளிங்கான் நெற்றியும் எங்கள் ஊர்ப் பகாசூரனும்

கேள்வி: ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தாரின் மேக்கப்பை மாற்றியபோதெல்லாம் ரசிகர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள்? வெறும் ரப்பர் நெற்றிதானே?

ரப்பர் நெற்றிதானே என்று படித்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது ஸ்டார் ட்ரெக் இல்லை, எங்கள் ஊர்ப் பகாசூரன்.

எனக்குத் தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவு விடிய விடியக் கூத்து. என் பெரியப்பா துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். ஒரு வருடம் வேறு ஊரிலிருந்து ஒரு ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, அழைத்திருந்தார்கள். பகாசூரன் வதம் அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசைக்கு வந்துவிடுவோம். கறுப்பு மை, வெள்ளைப் புள்ளி, உதட்டோரம் கோரைப்பல் என்று பகாசூரன் எப்படி இருப்பான் என்பது எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வந்தவன் கடையில் வாங்கிய ரப்பர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தான். பார்க்க நிஜமாகவே பயங்கரமாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் நாங்கள் கத்தினோம். அப்புறம் பாட்டு ஆரம்பித்தது. முகமூடிக்குள்ளிருந்து குரல் வருகிறது, வாய் அசையவில்லை. பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "பாடறது யாருடா, இவனா, பின்னாடி இருக்கறவனா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், அசுரன் செத்துப்போனான். பீமன் சோற்று வண்டியோடு வந்து சேர்வதற்குள்ளேயே.

சரி, கிளிங்கானுக்கு வருகிறேன். தொடர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை.

ஸ்டார் ட்ரெக் 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. கிளிங்கான்கள் முதலில் வந்தது 1967 மார்ச்சில். கோர் என்ற தளபதியாக ஜான் கோலிகாஸ் நடித்தார். முகம் முழுக்கப் பழுப்புப் பூச்சு, மேலேறிய புருவம், தொங்கு மீசை. நெற்றியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. செங்கிஸ்கான் மாதிரி இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். பனிப்போர் நேரம், எதிரி கிழக்கிலிருந்து வந்தவன் போல இருக்க வேண்டும் என்பதைத் தவிர பெரிய யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். நம்ம நிறத்தை எடுத்து ஒரு வெள்ளைக்காரர் முகத்தில் தடவினால் வில்லன் தயார். (நம் கூத்தில் மட்டும் அசுரனுக்கு என்ன நிறம் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.)

1979இல் முதல் சினிமா வந்தது. தொலைக்காட்சிக்குக் கனவிலும் கிடைக்காத பணம், 4 கோடி டாலருக்கும் மேல். படம் தொடங்கியதும் கிளிங்கான்கள் வருகிறார்கள். நெற்றி நடுவே முதுகெலும்பு ஏறிப்போவது போல ஒரு மேடு. பேசும் மொழியும் புதிது. ஏன் மாறினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் நிலைப்பாடு எளிமையானது: அவர்கள் எப்போதும் இப்படித்தான் இருந்தார்கள், அப்போது காட்டக் காசில்லை. எனக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். எங்கள் ஜமாவில் தகரக் கிரீடம் போய்க் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம் வந்தபோதும் இதே பதில்தான் சொல்லியிருப்பார்கள். துரியோதனன் எப்போதும் ராஜாதான், நம்மிடம்தான் காசில்லை.

அப்புறம் 1987இல் அடுத்த தலைமுறைத் தொடர். வோர்ஃப் என்ற கிளிங்கான் இப்போது நம் ஆள், கப்பலில் அதிகாரி. மைக்கேல் டோர்ன் நடித்தார். ஒப்பனை மைக்கேல் வெஸ்ட்மோர். 1985ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக ஆஸ்கர் வாங்கியவர். அவருடைய தாத்தா ஜார்ஜ் வெஸ்ட்மோர்தான் 1917இல் ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றில் முதன்முதலில் ஒப்பனைப் பிரிவைத் தொடங்கியவர். அப்பன் வேஷம் கட்டினால் பிள்ளையும் கட்டுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

1990களில் எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்தபோது நான் பார்த்த முதல் கிளிங்கான் இந்த வோர்ஃப்தான். ஆங்கிலம் பாதி புரியாது. ஆனால் அந்த மனிதர் முறைப்பது புரியும். யாராவது நகைச்சுவை சொன்னால் அவர் சிரிக்காமல் நிற்பது அதைவிட நன்றாகப் புரியும். பல வருடம் கழித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அறையில் நண்பன் ஒருவன் கணினியில் 1960களின் தொடரைப் போட்டுக் காட்டினான். கோரைப் பார்த்து, "இவன் கிளிங்கானே இல்லை, டூப்பு" என்றேன். யோசித்துப் பாருங்கள். அசலே அவன்தான். நான் டூப்பு என்கிறேன். நாம் முதலில் பார்த்த முகம்தான் நமக்கு அசல். ரசிகர்களின் கோபத்தில் பாதி இதுதான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அது தானாக ஆறிவிடும். 1979 நெற்றிக்கு முகம் சுளித்தவர்களே பத்து வருடத்தில் வோர்ஃபைக் கொண்டாடினார்கள்.

மீதிப் பாதிதான் விஷயம். அதற்கு 2017க்கு வர வேண்டும்.

டிஸ்கவரி என்ற புதுத் தொடர். இங்கே நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கதை நடப்பது 1960களின் தொடருக்குப் பத்து வருடம் முன்னால். அதில் வந்த கிளிங்கான்களுக்கு ஒரு முடிகூட இல்லை. பின்னால் நீண்ட மண்டை, தடித்த முகம், தலை முழுக்க மேடு. நெவில் பேஜும் க்ளென் ஹெட்ரிக்கும் வடிவமைத்தது. கிளிங்கான் சாம்ராஜ்யத்தில் 24 பெரிய குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தோற்றம் என்று நிறைய யோசித்துத்தான் செய்திருந்தார்கள். கைவேலை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. நகையும் கவசமும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனாலும் கொதித்தார்கள். காலக்கணக்கு ஒரு காரணம்: பத்து வருடத்தில் இந்த மண்டை எப்படி கோரின் மண்டை ஆனது? இன்னொன்று, 1987இலிருந்து 2005 வரை ஏறக்குறைய ஒரே மாதிரி நெற்றியைப் பார்த்துப் பழகிய கண். நானும் முதல் அத்தியாயத்தில் முகம் சுளித்தேன், ஆனால் காலக்கணக்குக்காக இல்லை. அந்தக் கிளிங்கான்கள் தங்களுக்குள் நீண்ட நேரம் கிளிங்கான் மொழியிலேயே பேசினார்கள். மொழியாக எடுத்தால் நல்ல முடிவுதான். 1984 படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் இலக்கணத்தோடு உருவாக்கிய மொழி அது, அகராதியே இருக்கிறது, உட்கார்ந்து கற்றவர்கள் உண்டு. ஆனால் முகத்தில் அத்தனை கனம், வாயில் பொய்ப்பல். வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. கீழே எழுத்து ஓடுகிறது, மேலே முகம் கல் மாதிரி இருக்கிறது. யார் கோபமாக இருக்கிறார், யார் பயப்படுகிறார் என்று எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பாட்டியின் குரல் கேட்டது. பாடறது யாருடா?

இது என் சொந்தக் கருத்து மட்டும்தானா என்று சந்தேகப்பட்டால் எதிர்ப்பக்கம் பாருங்கள். இதே தொடர்வரிசையில் ட்ரில் என்று ஓர் இனம். 1991இல் முதலில் வந்தபோது நெற்றி புடைத்திருந்தது. 1993இல் ஜாட்சியா டாக்ஸாக டெர்ரி ஃபாரெல் வந்தபோது நெற்றி சாதாரணமாகிவிட்டது, பதிலாக நெற்றியோரத்திலிருந்து கழுத்துவரை புள்ளிகள். விளக்கமே தரவில்லை. அப்படி ஒரு தலைகீழ் மாற்றத்துக்கு இந்த அளவு ரகளை இல்லை. ஏன்? அந்தப் பெண்ணின் முகம் முழுசாகத் தெரிந்தது, பேசியது. 1991 படத்தில் கிறிஸ்டோபர் ப்ளம்மர் கிளிங்கான் ஜெனரல் சாங்காக வந்தார். எனக்கு நெற்றி மேட்டைக் குறைத்துவிடுங்கள், நீள முடி வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். மற்ற கிளிங்கான்கள் பக்கத்தில் நிற்கும்போது இவர் மட்டும் வேறு மாதிரி. ஒருவரும் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் சிறந்த கிளிங்கான் வில்லன் யார் என்றால் பலர் அவரைத்தான் சொல்வார்கள்.

விளக்கம் தருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1996இல் ஓர் அத்தியாயத்தில் வோர்ஃபும் நண்பர்களும் காலத்தில் பின்னோக்கிப் போய்ப் பழைய தொடரின் கிளிங்கான்களைப் பார்க்கிறார்கள். நெற்றி மொழுமொழு என்று இருக்கிறது. எல்லோரும் வோர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். வெளியாட்களிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்கிறார் அவர். அதோடு முடிந்தது. வீட்டுச் சண்டையைப் பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் நம் பெரியவர்கள் சொல்லும் பதில் அது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் 2005இல் இரண்டு அத்தியாயம் செலவழித்து ஒரு காரணம் சொன்னார்கள். மரபணு மாற்றிய மனிதர்களின் மரபணுவை வைத்துக் கிளிங்கான்கள் ஆராய்ச்சி செய்ய, ஒரு கிருமி கிளம்பி நெற்றி மேடு கரைந்துவிட்டதாம். திறமையான கதைதான். இருந்தாலும் வோர்ஃபின் ஒரு வரிக்கு முன்னால் நிற்காது. எங்கள் கூத்தில் ஒரே ராத்திரியில் கிருஷ்ணனாக இரண்டு பேர் வருவதுண்டு. ஒருவர் ஒல்லி, ஒருவர் தொப்பை. நடுவில் கண்ணன் எப்படி இளைத்தான் என்று யாரும் எழுந்து கேட்டதில்லை.

டிஸ்கவரிக்காரர்கள் 2019இல் இரண்டாம் பருவத்தில் முடியை வளர்த்துவிட்டார்கள். போர்க்காலத்தில் மொட்டை அடித்திருந்தார்கள், இப்போது போர் முடிந்தது என்று காரணம். முகங்களும் கொஞ்சம் இளகின. 2023இல் இன்னொரு தொடரில் ஒரு பாட்டு அத்தியாயம் வந்தது. அதில் கிளிங்கான்கள் பழைய வோர்ஃப் காலத்து நெற்றியோடு வந்து, கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆடிப் பாடினார்கள். எந்த விளக்கமும் இல்லை. விளக்கம் எங்கே என்று சண்டை போட்டவர்கள் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

போன பாரதத்தின்போது பெரியப்பா வேஷம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, போனில் இந்தப் படங்களை வரிசையாகக் காட்டினேன். பாதி முகத்தில் சிவப்பு ஏறியிருந்தது. கோரைப் பார்த்து, "புருவம் மையிலயே இழுத்திருக்கான், நல்ல கை" என்றார். சாங்கைப் பார்த்தார். ஒரு கண்ணில் கட்டு. "ஒத்தக் கண்ணை வெச்சே பண்றான் பாரு." 2017 ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். வேலைப்பாட்டை மெச்சினார். அப்புறம், "கண்ணு, இத்தனையும் மாட்டிக்கிட்டு இவன் விருத்தம் எப்படிப் பாடுவான்?" என்றார். நான் ரப்பர் பகாசூரன் கதையை அவரிடம் எடுக்கவே இல்லை, அவராக அங்கே வந்து சேர்ந்தார்.

வோர்ஃபிடம்தான் ரொம்ப நேரம் நின்றார். நெற்றிக்கும் புருவத்துக்கும் நடுவில் விரலை வைத்துத் தேடினார். நுரை மாதிரி லேடெக்ஸில் செய்வார்கள், ஓரத்தை மெல்லிசாக்கித் தோலோடு ஒட்டுவார்கள், பிய்க்கும்போது ஓரம் கிழிந்துவிடும், அதனால் ஒவ்வொரு நாளும் புதுசு வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "தினமும் புதுசா?" என்று வாயைப் பிளந்தார். அவருடைய மீசை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே மீசை.

"ஒட்டு தெரியலை" என்றார் கடைசியில். வெளியே தாளம் தொடங்கிவிட்டது, திரை பிடிக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். வோர்ஃபின் நெற்றி முழுக்கச் சிவப்பு அரிதாரம். சட்டையில் துடைத்தால் போகவில்லை, அங்கே இருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டுத்தான் துடைத்தேன்.