மகள் நகையும் மகன் டிரையலும்

கேள்வி: நானும் மச்சானும் லண்டன் கால்பந்து கிளப்பான செல்சியின் ரசிகர்கள். பிரேசில் விங்கர் (மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடுபவர்) எஸ்தெவாவை 2024-லேயே பேசி முடித்த கிளப், 2025 வரை அவனை அவனுடைய பிரேசில் கிளப்பான பால்மெய்ராஸிலேயே விட்டுவைத்தது. உடனே இழுத்து வராமல் ஏமாந்துவிட்டார்கள் என்கிறான் மச்சான். அங்கேயே ஆடித் தேறட்டும் என்று விட்டார்கள் என்கிறேன் நான். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பந்தயம். யார் சொல்வது சரி? என் பையனும் விங்கர்தான், வயது 15. அடுத்த மாதம் ஒரு ஏஜென்ட் போர்ச்சுகலுக்கு டிரையலுக்கு (தேர்வு ஆட்டத்துக்கு) கூட்டிப் போகிறார். மகள் நகையை ரெண்டு வட்டிக்கு வைத்து 3 லட்சம் கட்டியாச்சு.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பந்தயம் கிடக்கட்டும். "மகள் நகையை வைத்து" என்று, கடைக்குப் போய் பால் வாங்கி வந்த மாதிரி எழுதிவிட்டீர்களே!

எஸ்தெவாவ் பிறந்தது 2007 ஏப்ரல் 24. 18 வயது முடியாத பையனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பதிவு செய்யக் கூடாது என்கிறது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியில் 19-வது பிரிவு. கோடிக்கணக்கில் யூரோ கொடுக்கத் தயாராக இருந்த கிளப்பே கையைக் கட்டிக்கொண்டு நின்றது அதனால்தான். 18 முடிந்து, கிளப் உலகக் கோப்பையையும் பால்மெய்ராஸுக்கே ஆடி, காலிறுதியில் செல்சி வலையிலேயே ஒரு கோலைப் போட்டுவிட்டுத்தான் லண்டன் போனான். இதே செல்சி சிறுவர்களைப் பதிவு செய்த விவகாரத்தில் 2019-ல் ஃபிஃபாவிடம் தடை வாங்கிய கிளப். சூடு கண்ட பூனை. அவர்களால் முடியாததை உங்கள் ஏஜென்ட் 3 லட்சத்தில் முடித்துவிடுவாரா?

விலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம். நாட்டு எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கும் வழி உண்டு. வியாசர்பாடிக்கு இரண்டும் பொருந்தாது. ஃபுட்பாலுக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்தால் கூடவே போகும் பிள்ளை ஆடலாம். "உங்களுக்கும் அங்கே ஒரு வேலை பார்த்துத் தர்றேன் சார்" என்று ஏஜென்ட் அடுத்து இதைத்தான் பிடிப்பார். பையன் ஆட்டத்துக்காகப் போனால் அந்த விலக்கு செல்லாது.

டிரையலில் தேறினாலும் 18 வரை பதிவு கிடையாது என்றால், அங்கே என்னதான் நடக்கும்? சுற்றுலா விசா, வாடகை மைதானம், பணம் கட்டி வந்த பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடும் மேட்ச். டிராக்சூட் போட்ட ஒருவர் ஓரமாக நின்று நோட்டில் ஏதோ குறிப்பார். மறுநாள் "செலக்ட் ஆயிட்டான், அகாடமி ஃபீஸ் கட்டுங்க" என்று போன் வரும். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பதாக வாங்கிக்கொள்வார்கள். விசா முடிந்தபின் பையன் எங்கே போவான்? 2023-ல் போர்ச்சுகலில் ஓர் அகாடமியில் அதிகாரிகள் புகுந்து வெளிநாட்டுச் சிறுவர்களை மீட்டார்கள். தெரியாமலா பணம் கட்டினீர்கள்?

இன்றே ஃபிஃபா இணையதளத்தில் ஏஜென்ட் பட்டியலைத் திறந்து அந்த ஆளின் பெயரைத் தேடுங்கள். உரிமம் மட்டும் போதாது. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைக் கையாளத் தனிப் பயிற்சியும், உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். அழைப்புக் கடிதம் ஜிமெயிலில் வந்ததா, கிளப் பெயருள்ள முகவரியிலிருந்து வந்ததா? கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கிளப் இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். கட்டிய பணத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே திரும்பக் கேளுங்கள். இழுத்தடித்தால் ரசீது, ஜிபே விவரம், அரட்டைப் பதிவு எல்லாவற்றோடும் போலீஸுக்குப் போங்கள்.

பையனுக்கு உள்ளூரிலேயே வேலை இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பதிவில் அவன் பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். நாளைக்கு அவனை வெளிநாட்டு கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்த விலையில் 5 சதவீதம் வளர்த்த கிளப்புகளுக்கெனப் பிரியும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு விலையில் கால் சதவீதம் என்று கணக்கு. பதிவு இருந்தால்தான் உங்கள் ஏரியா கிளப் அதைக் கேட்க முடியும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வுக்கும் அவனை அனுப்புங்கள்.

இனி மகள். அவளைக் கேட்டுத்தான் வைத்தீர்களா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். மகள் நகைக்கு அப்பன் காவல்காரன், அவ்வளவுதான். தம்பி காலில் பந்து இருக்கிறது என்பதற்காக அக்கா கழுத்தில் கை வைப்பது எந்த ஊர் நியாயம்? ஏஜென்டிடமிருந்து பணம் வருகிறதோ இல்லையோ, நகையை மீட்பது உங்கள் பொறுப்பு. ரெண்டு வட்டிக்கு 3 லட்சம் என்றால் மாதம் 6,000.

பந்தயத்தில் நீங்களும் மச்சானும் தோற்றீர்கள். ஆளுக்கு ஆயிரம் எடுத்து வையுங்கள். இந்த மாத வட்டிக்கு இன்னும் நாலாயிரம் குறைகிறது.